மணித்துறவி செவிசாய்த்த வழக்கு

மெத்தைக்கடைக்காரர் சொன்ன எந்த வார்த்தையையும் அதுவரை யாரும் எழுதி வாங்கியது கிடையாது. "இது அசல் பஞ்சு" என்பார். வந்தவர் மெத்தையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, நம்பாமலேயே வாங்கிக்கொண்டு போவார். "பத்து வருஷம் அசையாது" என்பார். அது மூன்று வருஷம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். வியாபாரத்தில் வார்த்தை என்பது பேரம் தொடங்குகிற இடம். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் தொங்குவதில்லை. அப்படியே ஐம்பத்து மூன்று வயது வரை நிம்மதியாக வாழ்ந்துவிட்ட மனிதரிடம், தனியறையில் முணுமுணுத்த ஏழெட்டு வரியை மூன்று படிகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஓர் அலுவலகம் கேட்டால் அவர் என்ன செய்வார்? வியர்த்தார்.

நடந்தது இதுதான். அவருக்கு ஓர் அக்கா. பெற்றவர்கள் போன பிறகு அவரை வளர்த்தவள். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல், முழ நீள ஊசியால் மெத்தை ஓரம் தைத்தே கடையை நிமிர்த்தியவள். தம்பிக்குத் தராசு பிடிக்கவும் முகத்தைப் பார்த்து விலை சொல்லவும் கற்றுக்கொடுத்தவள். அறுபத்தெட்டாவது வயதில் ஒரு காலை நேரம் கையில் ஊசியோடு சாய்ந்தவள், அப்புறம் பதினோரு மாதம் அசையவில்லை, பேசவில்லை. கண் திறந்திருக்கும். ஊட்டினால் விழுங்குவாள். "உடம்பு இருக்கு, ஆள் இல்ல. நீங்க பேசறது எதுவும் உள்ள போகாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மணித்துறவியின் படம் மாட்டியிருந்தது. பழைய மடம் ஒன்றில் நாற்பது வருஷம் மணி அடித்தவர், நல்லவர், செத்துப் பல காலம் ஆகிவிட்டது. பத்தாவது மாதம் முடிந்த ஒரு மத்தியானம் மெத்தைக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டு வேண்டினார். அக்காவை எழுப்பிக் கொடு என்று வேண்டவில்லை. சீக்கிரம் கூட்டிக்கொண்டு போய்விடு என்று வேண்டினார்.

இருபத்திரண்டு நாள் கழித்து அக்கா எழுந்து நின்றாள்.

அதற்கு என்ன செய்வது? அழுதார், சிரித்தார், தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். அத்தோடு போயிருக்கும். ஆனால் அவர் மனைவி, பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் பூரித்துப்போய்ச் சொல்லிவிட்டாள்: "எங்க வீட்டுக்காரர் வெளியில காட்டிக்க மாட்டாரு. ஆனா ஒரு நாள் கதவு இடுக்கு வழியா பார்த்தேன். மணித்துறவி படத்துக்கு முன்னாடி கண்ணுல தண்ணி வர வேண்டிக்கிட்டு இருந்தாரு." தையற்காரி வாயில் விழுந்தது தெருவுக்குத் தெரிந்தது, தெருவுக்குத் தெரிந்தது ஆலயத்துக்குத் தெரிந்தது, ஆலயத்துக்குத் தெரிந்தது செவியேற்பு ஆயத்துக்குத் தெரிந்தது.

செவியேற்பு ஆயம் என்பது, மேலுலகம் போனவர்களில் யார் யாருக்கு இங்கே வேண்டுவது காதில் விழுகிறது என்று விசாரித்துச் சான்று கொடுக்கிற அலுவலகம். சான்று கிடைத்தால் புனிதர். கிடைக்காவிட்டால் நல்லவர், அவ்வளவுதான். மணித்துறவியின் கோப்பு நாற்பத்தொரு வருஷமாக ஒரே ஒரு வேண்டுதலுக்காகக் காத்துக்கிடந்தது. அங்கிருந்து ஒரு குமாஸ்தா கடைக்கே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, "பெரிய பாக்கியம் உங்களுக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார்.

வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே மனைவி கைகூப்பி நின்றிருந்தாள்.

ஆயத்தின் கூடத்தில் சுவர் முழுக்கக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு நல்லவர் தூசி படிந்து காத்திருந்தார். குமாஸ்தா படிவத்தை விரித்தார்.

"வேண்டினது வாயாலயா, மனசாலயா?"

"வாயால."

"நல்லதாப் போச்சு. மனசாலன்னா மாடிக்குப் போகணும். அங்க ஆள் லீவு. முழங்கால் போட்டா, நின்னுக்கிட்டா?"

"கட்டில் ஓரத்துல உட்கார்ந்து."

"கட்டிலுக்குக் கட்டம் இல்லையே." குமாஸ்தா யோசித்தார். "'இதர'ன்னு போட்டுடறேன். அழுதீங்களா?"

"கொஞ்சம்."

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா? சரி, ரெண்டுன்னே இருக்கட்டும். இப்ப வேண்டுதலோட வாசகம். வார்த்தைக்கு வார்த்தை. ஒன்பது வரி இருக்கு, பத்தலைன்னா தனித்தாள் தரேன்."

மெத்தைக்காரர் பேனாவைப் பார்த்தார். "ஞாபகம் இல்லைங்க."

"அப்படிப் போடக் கூடாது. புனிதருக்கு ஞாபகம் இருக்கு, உங்களுக்கு இல்லைன்னு ஆகும். அது அவமரியாதை, தனிப் படிவம்."

கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்த கைக்கு, மாட்டிக்கொண்டால் பொதுவாகப் பேசிவிட வேண்டும் என்பது தெரியும். 'அக்காவின் உடல்நிலை குறித்து' என்று எழுதினார். பொய் இல்லை. குமாஸ்தா படித்துவிட்டு, "பெரிய மனசுக்காரங்க சுருக்கமாத்தான் எழுதுவாங்க" என்று அதன்மேல் முத்திரை குத்தினார். குத்திய சத்தம் மெத்தைக்காரரின் முதுகில் கேட்டது.

ஆயத்தில் இரண்டு பெரிய அதிகாரிகள். ஒருவர் நம்பிக்கை அதிகாரி. எல்லாவற்றையும் நம்புவது அவர் பணி. இன்னொருவர் ஐயப்பாட்டு அதிகாரி. எல்லாவற்றையும் சந்தேகப்படுவது அவர் பணி. நம்பிக்கை அதிகாரி இருபத்தாறு வருஷம் நம்பி நம்பிச் சலித்துப்போய், தன் மேசை இழுப்பறையில் மாற்றல் மனு ஒன்றை வைத்திருந்தார். ஐயப்பாட்டு அதிகாரியோ மாலை ஐந்து மணி அடித்ததும் சந்தேகத்தைக் கோட்டோடு ஆணியில் மாட்டிவிட்டு, நேரே ஆலயத்துக்குப் போய் உருகி உருகி வேண்டுகிறவர்.

"உங்க வீட்டுல வேற யாராவது வேற எந்தப் புனிதர்கிட்டயாவது வேண்டினாங்களா?" என்றார் ஐயப்பாட்டு அதிகாரி.

வேண்டியிருந்தாள் மனைவி. ஒன்றல்ல, மூன்று பேரிடம்: கடலோடிகளின் புனிதர், பல்வலிப் புனிதை, தொலைந்த பொருளைத் தேடித்தரும் புனிதர். "எங்க பலிக்கும்னு யாரு கண்டா? நாலு இடத்துல சொல்லி வச்சேன்" என்றாள். இதில் மெத்தைக்காரருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவரும் பஞ்சுக்கு நாலு இடத்தில் சொல்லி வைப்பவர்தான்.

ஆனால் ஆயத்துக்கு மூன்று புனிதர்களிடமிருந்தும் ஆட்சேபணையில்லாச் சான்று தேவைப்பட்டது. அவரவர் ஆலய அலுவலகங்களுக்குக் கடிதம் போயிற்று. சம்பந்தப்பட்ட தமக்கையார் கரையிலேயே படுத்திருந்தபடியால் விவகாரம் தங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று கடலோடிகளின் அலுவலகம் எழுதியது. அந்தத் தேதியில் பணிச்சுமை காரணமாகப் பல் தவிர்த்த விண்ணப்பங்கள் எதுவும் ஏற்கப்படவில்லை என்று பல்வலி அலுவலகம் எழுதியது. தொலைந்த பொருள் அலுவலகம் மட்டும் ஓர் ஆளையே அனுப்பிவிட்டது. வந்தவர் ஒல்லியாக, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தார்.

"அந்த அம்மாவுக்குத் தொலைஞ்சது சுயநினைவு. நினைவும் பொருள்தான். கண்டெடுத்துக் கொடுத்தது எங்காளு. அற்புதத்துல பாதி எங்களுக்கு."

"பாதியா!" என்றார் நம்பிக்கை அதிகாரி. "உங்காளு சாவிக்கொத்து தேடறவரு. இது பெரிய சரக்கு. எட்டுல ஒண்ணு."

"மூணுல ஒண்ணு."

"ஒரு அற்புதத்தை மூணா அறுக்கறதுக்கு இது என்ன மெத்தைத் துணியா? இவரையே கேளுங்க, தொழில் தெரிஞ்சவரு."

மெத்தைக்காரர் பேரம் நடந்த அழகை உள்ளுக்குள் மெச்சினார். கடைசியில் மணித்துறவிக்குச் சான்று கிடைத்து, படம் போட்டு ஊருக்குக் கொடுக்கிற வேண்டுதல் அட்டை அச்சாகும்போது பின்பக்கத்தில், பொடி எழுத்தில், தொலைந்த பொருள் புனிதரின் பெயரையும் போடுவது என்று முடிந்தது. வந்தவர் பாதியில் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்த விதம் ஒன்றுக்கே அந்தப் பொடி எழுத்து தகும்.

இது முடிந்தபோது ஐயப்பாட்டு அதிகாரி, அவர் கடமைப்படி, பெரிய குண்டாகப் போட்டார். நாற்பது வருஷம் மணிக்குக் கீழே நின்ற துறவிக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. "பூமியில மணிச் சத்தமே கேட்காதவருக்கு மேல போனா மட்டும் முணுமுணுப்பு கேட்குமா?"

நாற்பத்தொரு வருஷத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று நாள் விவாதம். மேலே போகிறவர்களுக்குப் புதுக் காது கிடைக்கும் என்றார் நம்பிக்கை அதிகாரி. பழைய காதையே செப்பனிட்டுக் கொடுப்பார்கள் என்று இன்னொருவர். கிடைப்பது புதுக் காது என்றால் அது மணித்துறவியின் காதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் ஐயப்பாட்டு அதிகாரி. முடிவில் நிபுணர் கருத்து கேட்பது என்று தீர்மானித்து, காது மருத்துவர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பினார்கள்.

அவர் ஒரு பெட்டியும் அளவு நாடாவும் கொண்டுவந்தார். அக்கா நாற்காலியில், தடியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு பழையபடி வந்துவிட்டது. நாக்கில் துளி தேய்மானம் இல்லை.

மருத்துவர் நாடாவின் ஒரு முனையை மெத்தைக்காரரின் உதட்டிலும் மறுமுனையைச் சுவரிலிருந்த படத்திலும் வைத்தார். "வாயிலேர்ந்து காது, ஏழடி நாலு அங்குலம். ஒரு காதுதான் தெரியுது. அந்தப் பக்கக் காது எங்க?"

"படம் போட்டவனைக் கேளுங்க" என்றாள் அக்கா. "ஏன் டாக்டர், செத்தவரு காதை இவ்வளவு பாடுபட்டு அளக்கறீங்களே, உயிரோட இருக்கறவங்க காதையும் ஒரு தடவை பார்த்தா என்ன?"

"அது வேற பிரிவும்மா" என்றார் மருத்துவர். பிறகு ஒரு கருவியைக் கட்டில்மேல் வைத்து, இரண்டு காதையும் மூடுகிற கேட்பானைத் தலையில் மாட்டிக்கொண்டு, "அன்னிக்குச் சொன்னதை அதே குரல்ல, அதே அளவுல சொல்லுங்க" என்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி படத்தைப் பார்த்தார். அன்றைக்கு வந்த குரல் வந்தது; வார்த்தை வரவில்லை. "ஒத்தக் கட்டில் மெத்தை, ஆறுக்கு மூணு. ரெட்டைக் கட்டில், ஆறுக்கு அஞ்சு. தலையணை உருண்டை, தலையணை தட்டை. எல்லாம் கைத்தையல்" என்று தழுதழுத்த குரலில் வேண்டினார். கருவியின் முள் ஆடியது. மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, உருக்கம்" என்று குறித்துக்கொண்டார். அந்தக் கருவிக்கு அளவுதான் கேட்கும், சொல் கேட்காது.

"விலையை விட்டுட்டியே" என்றாள் அக்கா.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. வேண்டுதலின் ஒலி, கூரைக்கு மேல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதற்கு நாலு பக்கம். அதில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'கட்டிலின் தலைமாட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்கக்கூடிய அளவு.'

மெத்தைக்காரர் அந்த வரியைக் கடையில் நின்றபடி படித்தார். வந்திருந்த வாடிக்கையாளர் கேட்ட விலைக்கே மெத்தையைக் கொடுத்துவிட்டார். உள்ளே எதுவும் போகாது என்று பெரிய மருத்துவரே சொன்னார் அல்லவா? அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றிலிருந்து அக்கா "டேய்" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அன்றைக்குக் கேட்டதைத்தான் சொல்லப்போகிறாளோ என்று அவர் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றார். அவளோ, "உப்பு எடு" என்பாள். "அந்த ஜன்னலைச் சாத்து" என்பாள். முகத்தைப் பார்த்தே வாங்க வந்தவர் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அந்த முகம் மட்டும் பிடிபடவில்லை. தொழில் கற்றுக்கொடுத்த முகம் அது.

பொது அமர்வுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் குமாஸ்தா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க எழுதினது ஒரு வரிதான். தலைவருக்குக் கூடத்துல வாசிக்க அது போதாதாம். அதனால ஆயமே உங்க வேண்டுதலைத் தயார் பண்ணிடுச்சு. நீங்க வாசிச்சா போதும்."

"நான் வேண்டினதை அவங்க எப்படித் தயார் பண்ணுவாங்க?"

"எல்லாரும் ஒரே மாதிரிதானே வேண்டுவாங்க, அண்ணே."

அன்று கூடம் நிறைந்திருந்தது. மனைவி பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்தாள். தையற்காரி தெருவையே கூட்டிவந்திருந்தாள். அக்காவுக்கு முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி. மெத்தைக்காரர் மேடையேறித் தாளைப் பிரித்து வாசித்தார்:

"ஓ தூயவரே, என்னைப் பெறாத தாயாம் என் தமக்கையின் மூச்சு ஒவ்வொன்றும் என் மூச்சு. இவள் எழும்வரை நான் உறங்கேன், உண்ணேன். எத்தனை ஆண்டுகள் ஆயினும் இவளுக்குப் பணிவிடை செய்வதே என் பேறு. என் ஆயுளில் பாதியை எடுத்து இவளுக்குத் தாரும்."

கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். தையற்காரி வாய்விட்டு அழுதாள். ஆயத் தலைவர், உருண்டையான நல்ல மனிதர், எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்? வந்து அவர் தலையில கை வச்சு ஆசி கொடுங்க."

அக்கா தடியை ஊன்றி மேடைக்கு வந்தாள். கையைத் தூக்கித் தம்பியின் தலையில் வைத்தாள். லேசான கை. ஊசி பிடித்துக் காய்த்த விரல்.

மட்டப் பஞ்சை அசல் பஞ்சு என்று ஊருக்கே விற்றவர்தான். ஆனால் இந்த ஒரு ஆளிடம் அவரால் விற்க முடியவில்லை.

"நான் இப்படி வேண்டலைங்க" என்றார்.

தலைவர் சிரித்தார். "தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்லைங்க. நான் வேண்டினது, 'ஐயா, இவளைச் சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. பத்து மாசம் பார்த்துட்டேன், போதும். என்னால முடியல. என் பொண்டாட்டிக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இவளும் இவளா இல்ல. இன்னிக்கே ஆனாலும் சரி, வியாழக்கிழமைக்குள்ளன்னாலும் சரி.' இதுதாங்க வேண்டினது."

பின்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது, "என்னம்மா சொல்றாரு?" மனைவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மெத்தைக்காரர் தலையில் இருந்த கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு எடுபட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் செருப்பு. அது திரும்பி, தடியோடு சேர்ந்து நாற்காலிக்குப் போயிற்று. "யாராவது தண்ணி குடுங்க" என்று அவள் குரல் கேட்டது.

ஐயப்பாட்டு அதிகாரி துள்ளி எழுந்தார். பணியில் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக அவர் சந்தேகம் பலித்திருக்கிறது! "அப்போ மணித்துறவி காதுல எதுவுமே விழலை! வேண்டினது ஒண்ணு, நடந்தது ஒண்ணு!" என்று கூவினார். கூவிய வேகத்தில் தான் தினமும் மாலை யாரிடம் வேண்டுகிறோம் என்பது ஞாபகத்துக்கு வர, முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார்.

நம்பிக்கை அதிகாரி அசரவில்லை. மெதுவாக எழுந்தார். "தலைவர் அவர்களே, காதில் விழாமலிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒண்ணுமே நடந்திருக்காது. இங்கே நடந்திருப்பது என்ன? வேண்டியதற்கு நேர் எதிர். அதாவது மனு நிராகரிக்கப்பட்டிருக்கு. ஒரு மனுவைப் படிச்சுப் பார்க்காம யாராவது நிராகரிக்க முடியுமா?"

"நாம தினமும் செய்றோமே, ஐயா" என்றார் குமாஸ்தா, எழுதிக்கொண்டிருந்த தலையை நிமிர்த்தாமல்.

அது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

தலைவர் அரைமணி பேசினார். "மேலுலகத்தில் இருப்பவர்களுக்குக் கேட்குமா, கேட்காதா என்பது படிக்காதவர்களின் கவலை. கேட்டது என்று நாம் சான்று கொடுத்தோமா என்பதே ஆயத்தின் கவலை. மணித்துறவி இந்த மனுவை இருபத்திரண்டே நாளில் பைசல் செய்திருக்கிறார். அவர் கோப்பை நாம் நாற்பத்தொரு வருஷம் வைத்திருந்தோம். அவசரம் ஒரு குறைதான், ஆனாலும் மன்னிக்கிறோம். மனுதாரரின் ஈனத்தனம் எவ்வளவு பெரிதோ, அதை நிராகரித்த புனிதரின் பெருமையும் அவ்வளவு பெரிது. ஆகவே அந்த ஈனத்தனத்தில் ஒரு சொல்லும் குறையாமல் பதிவேட்டில் ஏற்றும்படி உத்தரவிடுகிறேன்." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மணித்துறவி அன்று மாலை நாலு பத்துக்குப் புனிதரானார்.

வேண்டியவரை மேடையில் நிறுத்தி மாலையும் போட்டார்கள். விதியில் இருந்தது.

விதியில் இன்னொன்றும் இருந்தது. சான்று பெற்ற புனிதரின் வேண்டுதல் அட்டையில், செவியேற்கப்பட்ட வேண்டுதலை அப்படியே அச்சடிக்க வேண்டும். ஆயத்தின் ஆணை, மீற வழியில்லை. முன்பக்கம் ஒற்றைக் காது மணித்துறவி, கீழே 'ஐயா, இவளைச் சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க' என்று தொடங்கி 'வியாழக்கிழமைக்குள்ளன்னாலும் சரி' என்பதுவரை. ஆணுக்கு வாசிப்பவர்கள் 'இவரை' என்று மாற்றிக்கொள்ளவும் என ஓர் அடிக்குறிப்பு. பின்பக்கம், பொடி எழுத்தில், தொலைந்த பொருள். பன்னிரண்டாயிரம் பிரதி.

மெத்தைக்காரர் தெருவில் நடக்க முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் படுத்துக்கிடந்த எல்லார் தலைமாட்டிலும் அவருடைய வெட்கம் உரக்க வாசிக்கப்பட்டது. ஒரு நாள் ஆணிக்கடைக்காரர் அட்டையோடு கடைக்கு வந்தார். ஆறு வருஷமாக அப்பா படுக்கையில். மெத்தை பார்க்கிற மாதிரி அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்படியெல்லாம் வேண்டலாம்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். "ஆறு வருஷமா வேற என்னவோ வேண்டிக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுக் கல்லாப்பெட்டிமேல் தலையை வைத்து அழுதார். மெத்தைக்காரர் அவர் முதுகைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டி, தட்டாமல் எடுத்துக்கொண்டார்.

சிலர் எழுந்தார்கள். பலர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டுக்கும் நன்றிக் கடிதம் வந்தது. ஆயம் இரண்டையும் ஒரே பதிவேட்டில் ஏற்றியது: எழுந்தால் நிராகரிப்பு, போனால் அனுமதி, இரண்டும் செவியேற்பே. நூற்றுக்கு நூறு பலிக்கும் புனிதர் என்று மணித்துறவியின் புகழ் பரவியது. நம்பிக்கை அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. ஐயப்பாட்டு அதிகாரி நீண்ட விடுப்பில் போனார்.

வீட்டில் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அமர்வு முடிந்த அன்று "சாப்பிட வா" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மனைவி இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசத் தொடங்கி, "எனக்கும் சேர்த்துத்தான் கேட்டுட்டீங்க போல, என் இடுப்பை வேற இழுத்திருக்கீங்க" என்று அழுதுவிட்டு, அதற்கப்புறம் சரியானாள். அக்காவின் மௌனம்தான் அவரைக் குடைந்தது. ஊருக்கே தெரிந்ததை அவளும் அன்று மேடையில்தான் முதலில் கேட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிய மருத்துவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இதற்குமேல் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. அப்படித்தான் நினைத்தார், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை.

அக்கா தன் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். தையற்காரி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மெத்தைக்காரர் வாசலைக் கடக்கும்போது, "டேய்" என்றாள்.

"என்னக்கா."

"அச்சுல ஒரு வரி விட்டுப்போச்சே."

"எல்லாம் இருக்கேக்கா. நான் சொன்னது சொன்னபடி போட்டிருக்காங்க."

"நீ அவங்ககிட்டச் சொன்னது சொன்னபடி போட்டிருக்காங்க." அவள் அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "'வியாழக்கிழமைக்குள்ளன்னாலும் சரி.' இதுக்கப்புறம் ஒண்ணு இருந்தது. 'வெள்ளிக்கிழமை சரக்கு வருது, இந்த அறையில இருபது மெத்தை அடுக்கிடலாம்.' அதைக் காணோம்."

அதை மெத்தைக்காரர் ஆயத்திடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. தன்னிடமேகூடத் திரும்பச் சொல்லிக்கொண்டதில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சரக்கு பேசுகிற குரலில் பேசினாள்.

"அன்னிக்கு நீ எழுந்து போனதும் நானும் பார்க்கத் தொடங்கினேன். கை வராது, கால் வராது, கண்ணு ஒண்ணுதான். அந்த மூலையிலேர்ந்து கண்ணாலயே அடுக்குவேன். கதவு திறக்க இடம் விடணும். மறுபடி அடுக்குவேன். இருபத்திரண்டு நாளா வேற வேலையே இல்ல. எப்படி அடுக்கினாலும் இருபது வரலடா. எழுந்து ஒரு தடவை அடிவச்சு அளந்துடணும்னு ஒரு வெறி."

அவர் அறையின் நாலு மூலையையும் பார்த்தார்.

"எழுந்து அளந்தேன். பதினாறுதான் வருது. ஜன்னலை மறைச்சா பதினெட்டு." அட்டையை அவர் பக்கம் நீட்டினாள். "இடத்தைக்கூட ஒழுங்கா அளக்காம, ஒரு பெரிய மனுஷன் முன்னாடி போய் வாயைத் திறக்கறியே. வெக்கமா இல்ல?"